சிக்கானா கலைஞர் ஜூடி பாக்கா ஏன் சுவரில் வரைந்தார்?

மெக்சிகோ வம்சாவளியில் வந்த அமெரிக்கப் பெண், தன் அடையாளத்தையும் உரிமைப் போராட்டத்தையும் சேர்த்து உணர்த்தத் தானே ஏற்றுக்கொண்ட பெயர்தான் சிக்கானா. ஜூடி பாக்கா பள்ளியில் சேர்ந்தபோது ஸ்பானிய மொழி பேசத் தடை இருந்தது. ஆங்கிலம் புரியாத அந்தச் சிறுமியை ஆசிரியர் ஒரு மூலையில் அமர்த்தி ஓவியம் தீட்ட வைத்தார்.

குடும்ப ஆல்பத்தில் நம் பாட்டியின் படம் மட்டும் இல்லையென்றால் எப்படி இருக்கும்? பாடநூல்களில் தம் மக்களுக்கு நேர்ந்ததும் அதுவே என்று உணர்ந்த அவர், லாஸ் ஏஞ்சலிஸில் கான்கிரீட் பூசப்பட்ட வெள்ளக் கால்வாய் ஒன்றின் சுவரில், 1976 முதல், கலிஃபோர்னியாவின் விடுபட்ட வரலாற்றை ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குத் தீட்டினார். அதில் ஒரு காட்சி மனத்தை விட்டு அகலாது: நெடுஞ்சாலைகள் பாம்புகளாய் வளைந்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கின்றன.

கையால் உழைத்தவர்கள் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். பலர் காவல்துறை வழக்குகளில் சிக்கியவர்கள். அவர்களைச் சேர்த்ததே அவருடைய கலைக்கொள்கை என்பேன்.

சிக்கானா என்றால் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர் என்று பலர் எண்ணுகிறார்கள். பாக்கா 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸிலேயே பிறந்தவர்.