டெக்சஸ் பள்ளியில் என் மகளை ஈ.எஸ்.எல். வகுப்பில் போட்டுவிட்டார்கள். எப்படி வெளியே எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சென்னையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மகள், டெக்சஸில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்ட படிவத்தில் தமிழ் என்று எழுதினீர்கள். டெஸ்ட் வைத்தார்கள், ஈ.எஸ்.எல்., அதாவது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு, என்று சொல்லிவிட்டார்கள். கூட இருப்பதெல்லாம் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள், இவளும் அவர்களோடு சேர்ந்து பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். எடுக்கலாம். வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பள்ளி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதனால் 'ஆங்கிலம் கற்கும் மாணவி' என்ற பெயர் அவளை விட்டுப் போகாது. இப்படிப்பட்ட பிள்ளைகளின் ஆங்கிலத்தை அளக்க மாநிலம் வைக்கும் டெல்பாஸ் தேர்வை வருடா வருடம் எழுதித்தான் ஆக வேண்டும். உதவி போய்விடும், பரீட்சை மட்டும் மிஞ்சும். படிவத்தைத் திருத்திக் கொடுக்கலாமா என்றால், டெஸ்ட் வைத்த பிறகு டெக்சஸில் அதற்கு வழியில்லை. "பேசாம இங்கிலீஷ்னு போட்டிருக்கலாமே" என்று வாட்ஸப் குழுவில் இப்போது சொல்கிறவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை.

இதோடு முடித்திருப்பேன். உங்கள் கேள்வியின் கடைசி வரி விடவில்லை.

நான் டல்லாஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் தொடக்கப் பள்ளியில் பாராவாக வேலை செய்தவள். பாரா என்றால் வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் உதவியாளர். ஊரில் எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து, கரூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். இங்கே ஹெச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவோடு வருவது) வேலை அனுமதி வந்ததும் கிடைத்தது இந்த வேலை. தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களில் "எம்.எஸ்ஸி. படிச்சுட்டு ஆயா வேலைக்கா போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்கட்டும்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். மெக்சிகோவின் குவானஹுவாட்டோ பக்கம். ஆங்கிலம் அநேகமாக இல்லை. எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் ஸ்பானிஷ் கலந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இருந்தது. அதற்கு மேல் ஆசிரியர் கிடைக்கவில்லை என்றார்கள். பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், இங்கே மாவட்டம் என்றால் இதுதான்) ஒரே வகுப்பு நிலையில் ஒரே மொழி பேசும் 20 பிள்ளைகள் இருந்தால் இருமொழி வகுப்பு நடத்த வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இல்லை என்று சொல்லி விலக்கு வாங்கிக்கொள்ளவும் அதே விதிகளில் இடம் இருக்கிறது. நம்மூரில் பார்க்காததா இது.

சரி, பையன். கணக்கு டெஸ்டில் பாதி மார்க் வாங்கியிருந்தான். தாளை எடுத்துப் பார்த்தேன். 952-ஐ 7 ஆல் வகுக்க வேண்டும். மேலே 136 என்று சரியாக எழுதியிருந்தான். கீழே 25, அதற்குக் கீழே 42, அதற்குக் கீழே 0. அவ்வளவுதான். பக்கத்தில் சிவப்பு மையில் 'செய்முறை எங்கே' என்று ஆசிரியை எழுதியிருந்தார். கணக்கு தெரிந்தவர்கள் பார்த்தாலே பிடிபடும். மெக்சிகோவில் வகுத்தலை இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். பெருக்கி வந்த 7-ஐயும் 21-ஐயும் எழுதிக் கழிக்க மாட்டார்கள். கழித்தல் மனத்தில் நடக்கும், மீதி மட்டும் தாளில் விழும். அமெரிக்காவில் ஒவ்வொரு கழித்தலையும் எழுதிக் காட்ட வேண்டும். நம்மூரில் ஈவை வலது பக்கம் எழுதுவோம், இங்கே தலைக்கு மேல் எழுதுகிறார்கள். இங்கே வந்த புதிதில் என் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நானே இதில் தடுமாறியிருக்கிறேன். ஆகவே அந்தத் தாளில் செய்முறை இருந்தது. பார்க்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

ஆனால் அதற்குள் அவனை 'பின்தங்கிய' கணக்குக் குழுவில் சேர்த்தாகிவிட்டது. இரண்டு இலக்கக் கழித்தலைப் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துச் செய்துகொண்டிருந்தான். ஆங்கிலத்துக்கென்று அவனைத் தனியே கூட்டிப் போன நேரம் அறிவியல் பாட நேரம். அதனால் செடி, மின்சாரம், பாறை எதுவும் அவன் காதில் விழவில்லை. வருடக் கடைசியில் அறிவியலில் அவன் மார்க் குறைந்தால் அதற்குப் பெயர் 'லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களின் கற்றல் இடைவெளி'.

அந்த ஆசிரியையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதல் வருட ஆசிரியை, நல்ல பெண். நான் போய்ச் சொன்னதும் தாளை வாங்கி, நான் சொன்னபடி விரலை ஓட்டிப் பார்த்து, மார்க்கைத் திருத்தினார். குழுவை மாற்ற மட்டும் கிறிஸ்துமஸ் விடுமுறை தாண்ட வேண்டியிருந்தது, அதற்குத் தனியாக ஒரு கூட்டம், தனியாக ஒரு படிவம். குழு மாறிக் கொஞ்ச நாளில் அவன் அப்பாவுக்கு ஹூஸ்டனில் கட்டட வேலை கிடைத்தது, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கே முதலிலிருந்து டெஸ்ட், முதலிலிருந்து குழு.

உடனே ஒருவர் கீழே வந்து, "ஒரே ஒரு பையனை வைத்துப் பேசாதீர்கள், புள்ளிவிவரம் அவர்கள் பின்தங்கியிருப்பதாகத்தானே சொல்கிறது" என்பார். சொல்கிறது, மறுக்கவில்லை. அந்தப் புள்ளிவிவரம் எப்படிப் பிறக்கிறது என்றும் பாருங்கள். நாடு முழுக்க ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 50 லட்சத்துக்கு மேல். முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். நன்றாக ஆங்கிலம் வந்துவிட்ட பிள்ளை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும், அந்த இடத்துக்குப் புதிதாக விமானத்திலோ பஸ்ஸிலோ வந்திறங்கிய பிள்ளை வரும். ஜெயித்தவரை நீக்கிவிட்டு மிச்சப் பேருக்குச் சராசரி போட்டால் அது எந்தக் காலத்தில் ஏறும்? வெளியேறிய பிள்ளைகளைத் தனியாகக் கணக்கெடுத்த பல இடங்களில் அவர்கள் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு வருடம் கழிந்தும் வெளியே வராமல் தேங்கிப்போகும் பிள்ளைகள். கலிஃபோர்னியா அவர்களுக்கென்று 2012-இல் சட்டத்திலேயே ஒரு வரையறை எழுதியது. இந்தப் பிள்ளைகள் கேன்டீனில் சரளமாகப் பேசுவார்கள், பாடப் புத்தகத்தின் நீண்ட வாக்கியத்தில் மூச்சு முட்டும். கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இந்த இரண்டு ஆங்கிலமும் வேறு வேறு என்று 1979-லேயே பிரித்துச் சொன்னார். பேச்சு ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாட ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். நாம் வீட்டில் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறோம், நூலகத்துக்குக் காரில் கூட்டிப் போகிறோம், கணவரோ மனைவியோ ஆங்கிலத்தில் சம்பாதிக்கிறார். இரவு ஷிப்டில் ஹோட்டல் அறை துடைக்கும் அம்மாவுக்கு அது முடியாது. இதில் மூளை எங்கே வந்தது?

இன்னொன்று. உங்கள் மகளுக்கு அந்த வகுப்பு சும்மா கிடைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் ஒரு வார்த்தை புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டோம், சமத்துவம் முடிந்தது என்றது பள்ளி நிர்வாகம். அது சமத்துவம் இல்லை என்று 1974-இல் லாவ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் பெயருக்கு ஒரு வகுப்பு நடத்தினால் போதாது, உண்மையில் பயன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற தீர்ப்பு 1981-இல் தெற்கு டெக்சஸின் ரேமண்ட்வில்லில் ஒரு மெக்சிக வம்சாவளித் தகப்பன் போட்ட வழக்கில் வந்தது. டல்லாஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் டைலர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆவணம் இல்லாத பிள்ளைகள் படிக்க வருடத்துக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும் என்றது அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம். 1982-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தடுத்தது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். யாரோடு உட்காரக்கூடாது என்று யோசிக்கிறீர்களோ, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கோர்ட் ஏறியதும் சேர்ந்துதான் உங்கள் மகளுக்கு அந்த நாற்காலி.

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். உங்கள் மேல் இல்லை. எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பெண் என்னிடம் வந்து, "என்னக்கா இது, மெக்சிகன் பசங்களோட உக்கார வச்சுட்டாங்க, சொல்லி எடுத்துக் குடுங்கக்கா" என்றாள். எடுத்தும் விட்டாள். மறு வருடம் அதே பெண், இன்னொரு பள்ளியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லித்தரும் இருவழி மொழி வகுப்புக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டு, சீட் கிடைக்க வேண்டும் என்று சாயிபாபாவுக்கு வேண்டிக்கொண்டாள். ஸ்பானிஷ் தெரிந்தால் பிற்காலத்தில் காலேஜுக்கு நல்லதாம். ஸ்பானிஷ் பேசும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் கெடுதல், அவன் மொழி மட்டும் லாபம். இதைக் கேட்டுவிட்டு நான் என்னத்தைச் சொல்ல?

வீடு வாங்கும்போதும் இதே மனசுதான், பத்துக்குப் பத்து ரேட்டிங் உள்ள பள்ளி எல்லை. இங்கே அந்தந்தப் பகுதியின் சொத்து வரியும் பள்ளிக்குப் போகிறது, அந்தப் பத்தில் எத்தனை சொத்து வரி கலந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற மெக்சிகர்கள் வாழும் பகுதியில் 1967-68-இல் ஒரு பிள்ளைக்கு 356 டாலர் செலவழித்தார்கள். அதே ஊரின் பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 594. டிமெட்ரியோ ரொட்ரிகெஸ் என்ற தகப்பன் வழக்குப் போட்டு 1973-இல் தோற்றார், அதுவும் ஐந்துக்கு நான்கு. அதற்குப் பிறகு டெக்சஸில் விதிகள் நிறைய மாறிவிட்டன, பணக்கார மாவட்டத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் ஆசிரியை ஆகவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. என் பி.எட்.டை மதிப்பிட, மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக சீல் வைத்த உறையில் வர வேண்டும் என்றார்கள். அப்பா கரூரிலிருந்து பஸ் ஏறிப் போனார். செலான் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். கட்டிவிட்டுப் போனால் அந்த செக்‌ஷன் ஆள் லீவு. ஆள் வந்த பிறகு, வெளிநாட்டுக்கு அனுப்பும் உறைக்குத் தனி விண்ணப்பம். எழுபது வயதில் மனிதர் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உறை வந்து சேர்ந்தபோது ஒரு செமஸ்டர் தாள் அதில் இல்லை. இங்கே இருமொழி ஆசிரியர் பஞ்சம் என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, மாவட்டத்துக்கு மாவட்டம் நடைமுறை கொஞ்சம் மாறும். நானாக இருந்தால் வெளியே எடுக்க மாட்டேன். அந்தத் திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாநிலம் பள்ளிக்கு அடிப்படைத் தொகையில் 10 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. 2019 முதல் பல வருடம் அந்த அடிப்படைத் தொகை 6,160 டாலராக இருந்தது, ஆகவே ஒரு பிள்ளைக்கு 616. நீங்கள் வெளியே எடுத்தால் அந்தப் பணமும் போகும். எந்த நேரத்தில் அவளைக் கூட்டிப் போகிறார்கள், அப்போது எந்தப் பாடம் போகிறது என்று கேளுங்கள். அறிவியல் என்றால் மாற்றச் சொல்லுங்கள். கேட்கிற பெற்றோர் குறைவு என்பதால் கேட்டால் நடக்கும்.

டெல்பாஸில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதி. பேசும் பகுதியில்தான் நம் பிள்ளைகள் மாட்டுவார்கள். எல்லாரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திரையில் வரும் படத்தைப் பற்றி ஒரே நேரத்தில் பேசுவார்கள், சந்தை இரைச்சலாக இருக்கும். கூச்சப்படும் பிள்ளை "இட்ஸ் எ டாக்" என்று மைக்கில் முணுமுணுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். வீட்டில் ஃபோனில் பதிவு செய்து, ஒரு படத்தைப் பற்றி நாலைந்து வாக்கியம் சத்தமாகப் பேசப் பழக்குங்கள். வெளியே வருவதற்கு இது தவிர ஆங்கில வாசிப்புத் தேர்வும் ஆசிரியரின் மதிப்பீடும் வேண்டும்.

அப்புறம், யாரை வகுப்பில் வைப்பது, யாரை வெளியே விடுவது என்று தீர்மானிக்க ஒவ்வொரு பள்ளியிலும் எல்பேக் என்று ஒரு குழு உண்டு. அதில் ஆங்கிலம் கற்கும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ ஒருவர் உட்கார வேண்டும், அவர் அந்த மாவட்டத்தில் வேலை பார்ப்பவராக இருக்கக்கூடாது. நான் ஊழியர் என்பதால் என்னால் முடியவில்லை. உங்களால் முடியும். பெரும்பாலும் ஆள் கிடைக்காமல் ஆபீஸில் தேடிக்கொண்டிருப்பார்கள். கூட்டம் வேலை நேரத்தில்தான் வைப்பார்கள், அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும்.