அணுவைத் துளைத்தது யார்?

கேள்வி: குவாண்டம் இயற்பியலில் எது அடிப்படை, புலமா துகளா? அணுவைத் துளைத்த ஔவை உலவிய தகடூர் மண்ணிலிருந்து கேட்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகர், பிரிக்கப்படாத தர்மபுரி மாவட்டம்

பதில்: முதலில் ஔவையை விடுங்கள். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிச் சாப்பிட்டவர் சங்க காலத்து ஔவை. ‘அணுவைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டி’ என்பது குறளைப் புகழும் திருவள்ளுவமாலை வரி. அதுவும் ஔவை பெயரில்தான் இருக்கிறது, ஆனால் காலத்தால் வெகுவாகப் பிந்தியது. அதே பாட்டை இடைக்காடர் கடுகைத் துளைத்துப் பாடியிருக்கிறார். கடுகுக்கு எந்த ஊர்க்காரரும் உரிமை கொண்டாடி எனக்குக் கடிதம் போட்டதில்லை. அணு என்றால் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அதிலும் 2004இல் பிரித்த மாவட்டத்தையே இன்னும் பிரிக்க மனம் வராத நீங்கள், அணுவைத் துளைத்ததற்கு மார்தட்டுவது என்ன நியாயம்?

சரி, கேள்விக்கு வருகிறேன். என் ஓட்டு புலத்துக்கு. புலம் என்பது வெளியெங்கும் பரவிக் கிடப்பது; அதில் எழும் அதிர்வைத்தான் துகள் என்கிறோம் என்பது புலக் கட்சியின் வாதம். ஆதாரம் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் அறுக்கிற கல்லிலேயே இருக்கிறது. இளஞ்சிவப்பு கிரானைட்டில் பொட்டாசியம் உண்டு. அதில் பத்தாயிரத்துக்கு ஓர் அணு பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அணுக்கரு பெரும்பாலும் ஓர் எலெக்ட்ரானைத் துப்பிவிட்டுக் கால்சியமாகிவிடும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 30 அணுக்கள் சிதைகின்றன. உங்கள் வீட்டுச் சமையல் மேடையிலும் இது நடக்கலாம். பதறிப்போய்க் கடப்பாரையைத் தூக்காதீர்கள், உங்கள் உடம்புக்குள்ளும் இதே கதைதான்.

வெளியே வந்த அந்த எலெக்ட்ரான் அதற்கு முன்னால் எங்கே இருந்தது? அணுக்கருவுக்குள் எலெக்ட்ரான் கிடையாது. 1934இல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி விடை சொன்னார்: அது அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. பல்பைப் போடுவதற்கு முன் வெளிச்சம் உள்ளே ஒளிந்துகொண்டா இருந்தது? அப்படித்தான் இதுவும். துகள் புதிதாகப் பிறக்கிறது என்றால், பிறக்காமலே இருந்தது எது? எலெக்ட்ரான் புலம். பேரண்டம் முழுக்க அது ஒன்றுதான். அதனால்தான் ஊத்தங்கரை எலெக்ட்ரானுக்கும் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவின் எலெக்ட்ரானுக்கும் நிறையிலோ மின்னூட்டத்திலோ இம்மியும் வித்தியாசம் இல்லை.

துகள் கட்சிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ‘எந்தக் கருவியில் பிடித்தாலும் ஓரிடத்தில், முழு எலெக்ட்ரானாகத்தானே விழுகிறது? அரை எலெக்ட்ரானை யார் பார்த்தது?’ என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் 1976இல் இயற்பியலாளர் வில்லியம் அன்ரு போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. சீரான வேகத்தில் போகிறவருக்கு வெற்றிடமாகத் தெரிவது, முடுக்கத்தோடு போகிறவருக்குத் துகள்கள் நிறைந்ததாகத் தெரியும். இருக்கிறதா இல்லையா என்பதே ஆளுக்கு ஆள் மாறுகிற ஒன்றை அடிப்படை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகனுக்கு என்ன சொல்வதா? பரீட்சையில் துகள் என்றே எழுதச் சொல்லுங்கள். எல்லாக் கைடிலும் வட்டம் போட்டு, அதன்மேல் புள்ளி வைத்து, எலெக்ட்ரான் என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கைடு போடுகிறவர்களுக்கும் எனக்கும் உள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் அட்டையை மாற்றுகிறார்கள், விலையை மாற்றுகிறார்கள், அந்த வட்டத்தை மட்டும் மாற்றுவதில்லை. பையன் மார்க்கை வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் என்னிடம் அனுப்புங்கள்.