திவாலான நாடு முன்வரிசையில் நிற்பது எப்படி?

கேள்வி: 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த இலங்கை, ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் இந்தியாவை விட 41 இடங்கள் முன்னால் நிற்கிறதாமே! இந்தக் குறியீட்டை நம்பத்தான் வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம்பலாம். ஆனால் அது எதை அளக்கிறது, எதைக் கண்டுகொள்வதே இல்லை என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென்னின் துணையோடு உருவாக்கி, 1990 முதல் வெளிவரும் இந்தக் குறியீடு ஆயுட்காலம், கல்வி, தலா வருமானம் ஆகிய மூன்றை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அரசுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, கையிலுள்ள டாலர் எத்தனை வாரத்து இறக்குமதிக்குத் தாங்கும் என்பவற்றுக்கு அதில் இடமே கிடையாது.

2023ஆம் ஆண்டுத் தரவுகளின் அடிப்படையில் 2025இல் வெளியான பட்டியலில், 193 நாடுகளில் இலங்கை 89ஆவது இடத்திலும் இந்தியா 130ஆவது இடத்திலும் உள்ளன. பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் இலங்கையில் 77 ஆண்டுகளுக்கு மேல், இந்தியாவில் 72. கல்விக் கணக்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இன்று பள்ளியில் சேரும் குழந்தை இரு நாடுகளிலும் ஏறத்தாழ 13 ஆண்டுகள் படிக்கும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் 25 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாகப் படித்து முடித்த ஆண்டுகள் இலங்கையில் பத்துக்கு மேல், இந்தியாவில் ஏழுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, இரு நாடுகளையும் பிரிக்கும் இடைவெளியில் பெரும்பகுதி இன்றைய பிள்ளைகளிடம் இல்லை. அவர்களுடைய பாட்டிமார் பள்ளிக்கூடத்துக்குப் போனார்களா இல்லையா என்பதில் இருக்கிறது.

இலங்கையில் அந்தப் பாட்டிமார் போனார்கள். 1931லேயே ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்துவிட்ட நாடு அது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா, 1945இல் இலவசக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வரையறுத்த ஒரு வட்டாரத்துக்கு ஒரு மருத்துவமாது என்ற ஏற்பாட்டை நாடெங்கும் பரப்பியது. கர்ப்பிணியின் வீடு தேடி வந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பிரசவத்துக்குப் பிறகும் வந்து குழந்தையின் எடையைப் பார்த்துப் போகிற அந்தப் பெண்தான், என்னைக் கேட்டால், இலங்கையின் தரவரிசைக்கு முதற்காரணம். 1940களின் நடுவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,500க்கு மேல் தாய்மார் இறந்த நாட்டில், இன்று அந்த எண்ணிக்கை சுமார் 30. 1946இல் டி.டி.டி. கொசுமருந்துத் தெளிப்பில் வேகம்பிடித்து, இடையில் ஒருமுறை சறுக்கி, 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றதும் இதே பொதுச் சுகாதார அமைப்புதான்.

இத்தனை இலவசங்களும் சேர்ந்துதான் நாட்டைத் திவாலாக்கின என்று சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. அங்கே அரசு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவிடுவது தனித்தனியே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். 2007 முதல் சர்வதேசச் சந்தையில் அதிக வட்டிக்கு விற்ற கடன் பத்திரங்கள், 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்த முடிவு, அடுத்த சில மாதங்களிலேயே கொரோனாவால் நின்றுபோன சுற்றுலா வருமானம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததன் விளைவுதான் 2022 ஏப்ரல் அறிவிப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஆயினும் ஐம்பது வயதுக்காரர் படித்த படிப்பை எந்தப் பணவீக்கமும் அழித்துவிடாது என்பதால் குறியீடு பெரிதாகச் சரியவில்லை. அவர் வீட்டுச் சோற்றுப்பானையில் அளவு குறைந்ததை அந்த எண் காட்டவும் இல்லை.

கேள்வி: அப்படியானால் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் இந்த முன்னேற்றத்தில் பங்கு பெற்றார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: தாமதமாகவும் குறைவாகவும் பெற்றார்கள். சராசரி எண் மறைக்கிற இடம் இதுதான். இலவசக் கல்வி வந்த மூன்றே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது, வாக்கும் பறிபோனது. ஓட்டு இல்லாதவர்களின் பள்ளியைப் பற்றி எந்த வேட்பாளர் கவலைப்படுவார்? தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை. 2019இல் நாடு முழுவதற்குமான வறுமை விகிதம் 14.3 சதவீதமாக இருந்தபோது, தோட்டப்பகுதியில் அது 33.8 சதவீதம். 2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 சதவீதம். லயன் எனப்படும் வரிசை வீடுகளில் வளரும் தோட்டக் குழந்தைகளிடையே அது 32 சதவீதத்தை நெருங்கியது.

கேள்வி: இரண்டேகால் கோடிப் பேர் கூட இல்லாத நாட்டை 140 கோடி மக்கள் வாழும் நாட்டோடு ஒப்பிடுவது நியாயமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மாநிலங்களோடு ஒப்பிட்டால் படம் தெளிவாகும். 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. அந்தக் காலத்தில் கேரளம் இலங்கையை முந்தியே நின்றது. நாம் இந்தியச் சராசரிக்கும் இலங்கைக்கும் நடுவில் நின்றோம்.