எளிய பாகம் போதுமா, நுட்பமான பாகம் தேவையா? கார் கேள்வி-பதில்

பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் புதுசு. ஆனாலும் இன்ஜின் முக்கி முனகித்தான் சுற்றுகிறது. அடுத்து எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் எர்த் கேபிளை, அதாவது பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் கேபிளைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேலான மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். போல்ட்டுக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் போதும், ஸ்டார்ட்டரின் வேகம் குறைந்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும், கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழிலும் (கிளாம்ப்பில் அல்ல) அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பக்கம் நன்றாக இருக்கிறது. பாசிட்டிவ் கேபிளை இதேபோல் சோதியுங்கள். எர்த் பக்கத்தில் 0.5 காட்டினால் கோளாறு இங்கேதான். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் அவை உட்காரும் இடங்களையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். மறுபடி அளந்தும் குறையவில்லையா? கம்பி உள்ளுக்குள் அரித்திருக்கும், கேபிளை மாற்றுங்கள்.

வண்டி சூடாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டே ஓட்டலாமா?

கூடாது. இன்ஜின் சூடேறும்வரை கூலண்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அதுதான். கொஞ்சம் மெழுகு, ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு, அவ்வளவுதான் அது. ஆனால் அது இல்லையென்றால் இன்ஜின் சூடேறத் தாமதமாகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதுதான். அவற்றில் கழற்றினால் கூலண்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், சூடு இன்னும் ஏறும்.

சோதிப்பது எளிது. தண்ணீர்ப் பாத்திரத்தில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். மேலே 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அது நல்லது. பிறகு ரேடியேட்டர் ஃபேன், கூலண்ட் அளவு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். திரும்பப் பொருத்தும்போது, காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும்.

பின்சக்கரத்தில் ட்ரம் பிரேக். கம்பெனி கஞ்சத்தனமா?

சிறிய காருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பெரும்பகுதி வேலை முன்சக்கரத்துக்குத்தான். ஹேண்ட் பிரேக்கும் ட்ரம்மில் நன்றாகப் பிடிக்கும். கனமான வண்டி, நீண்ட மலை இறக்கம் என்றால் டிஸ்க்தான் மேல். ட்ரம்மில் சூடு சீக்கிரம் வெளியேறாது.

எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேடை நானே மாற்றலாமா?

மாற்றலாம். கேலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மோட்டார் இருந்தால், முதலில் ஸ்கேனரிலோ, கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் மோடுக்கு (பழுதுபார்க்கும் நிலை) கொண்டுபோய் மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க வையுங்கள். அதைச் செய்யாமல் கிளாம்ப் போட்டு பிஸ்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகும் கியரும் உடையக்கூடும்.

டூயல் மாஸ் ஃப்ளைவீலுக்குப் பதில் ஒற்றைத் தட்டு போடச் சொல்கிறார் மெக்கானிக். சரியா?

டீசல் காரென்றால் அவசரப்படாதீர்கள். ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனமான தட்டு; டூயல் மாஸில் அது இரண்டு தட்டுகளாக இருக்கும். சிலிண்டரில் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை உலுக்குகிறது. அந்த அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் விழுங்குவது இரு தட்டுகளுக்கு நடுவே உள்ள வளைந்த ஸ்பிரிங்குகள். அதை எடுத்தால் ஐடிலிலேயே கடகடக்கும். ஒற்றைத் தட்டேதான் போடுவதென்றால், ஸ்பிரிங் உள்ள கிளட்ச் டிஸ்க்கோடு உங்கள் இன்ஜினுக்கென்றே வரும் முழு செட்டாக வாங்குங்கள்.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்பதையும் பாருங்கள். கிளட்சைக் கழற்றியதும் வெளித்தட்டைக் கையால் திருப்பியும் ஆட்டியும் பார்த்து, கம்பெனி சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். கிரீஸ் வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகும் உயர் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் வண்டியைத் திணறவிட்டால் புதுசும் சீக்கிரம் போகும்.