பாட்டு விலகுவதற்குக் காதைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: திருநெல்வேலியில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பீட்மேட்சிங்கை (இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒரே வேகத்தில் ஒன்றாகச் சேர்ப்பதை) காதாலேயே பழகுவதற்காக, காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கிய ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டி புரோகிராம் போர்டை வைத்து ஒரு டிஜே கன்ட்ரோலர் (கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டைக் கையால் கட்டுப்படுத்தும் பெட்டி) செய்தேன். எவ்வளவு பொறுமையாகச் சேர்த்தாலும் ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு பாட்டும் விலகிவிடுகின்றன. டிஜே வகுப்பில், "உனக்குக் காது பத்தாது, 35,000 ரூபாய்க்கு நல்ல கன்ட்ரோலர் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காதைப் பற்றியும் கவலை வேண்டாம். விலகுகிறது என்று உங்களுக்குக் கேட்கிறதே, காது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

முதலில் ஒரு சோதனை. மிக்ஸ் மென்பொருளில் (மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, அந்த இலவச மென்பொருள்) ஒரு பாட்டை ஏற்றி, வேக ஃபேடரை (பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகரும் குமிழை) முடிந்தவரை மெதுவாக நகர்த்துங்கள். திரையில் பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) எண்ணைப் பாருங்கள். 120.00-க்கு அடுத்து நேராக 120.15 என்று தாவுகிறதா? திருடன் அங்கேதான் இருக்கிறான்.

காரணம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் மாதிரி புரோகிராம்கள் பெரும்பாலும் ஃபேடரின் நிலையைச் சாதாரண மிடி (இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி) கன்ட்ரோல் செய்தியாக அனுப்புகின்றன. அதில் மொத்தமே 128 படிகள். வேக எல்லை கூட்டல் கழித்தல் 8 சதவீதம் என்றால், 16 சதவீதத்தை 128-ஆல் வகுங்கள். ஒரு படி 0.125 சதவீதம். சரியான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டால், நீங்கள் என்ன செய்தாலும் ஒரு நிமிஷத்தில் 37 மில்லி செகண்ட் வரை விலகும். 'டக்' என்று விழ வேண்டிய அடி 'டட்டக்' என்று விழும். 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளிலும் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) இதே 8 சதவீதம்தான். ஆனால் அதன் ஃபேடர் வழுக்கிக்கொண்டு போகும், படி ஏறாது.

தீர்வுக்குக் காசு செலவில்லை. அதே ஃபேடரை 'பிட்ச் பெண்ட்' (128-ஐவிட மிக நுணுக்கமான படிகள் கொண்ட இன்னொரு வகை மிடி செய்தி) செய்தியாக அனுப்பும்படி புரோகிராமை மாற்றுங்கள். போர்டு ஏற்கெனவே ஃபேடரை 1024 படிகளாகத்தான் படிக்கிறது, அனுப்பும்போதுதான் நறுக்கிவிடுகிறோம். மாற்றினால் ஒரு படி 0.016 சதவீதத்துக்கு இறங்கிவிடும். புரோகிராமில் கை வைக்கப் பயமாக இருந்தால், இன்றைக்கு வேக எல்லையை 4 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதி வியாதி போகும்.

அடுத்தது ஃபேடர். கடையில் 'லீனியர்' என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் பி10கே என்று அச்சிட்டிருக்கும். ஏ10கே-யைக் கொடுத்துவிட்டு, "ரெண்டும் பத்து கேதான் தம்பி" என்பார்கள். எனக்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அப்படித்தான் தலையில் கட்டினார்கள். ஏ வகை வால்யூமுக்கானது. வேகத்துக்குப் போட்டால் ஒரு பக்கம் நத்தையாக நகரும், மறுபக்கம் பாய்ந்து ஓடும். ஃபேடரை நட்டநடுவில் நிறுத்தி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்டினால் வாங்கலாம்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆர்3 வரையிலான ஊனோ தன்னை மிடி கருவி என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளாது, அதனால்தான் நடுவில் ஒரு பாலம் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். 32யூ4 சிப் உள்ள லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஊனோவில் யுஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் குட்டியாகச் சதுர சிப் இருந்தால் அது 16யூ2, அதன் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் இருக்கும் மென்பொருளை) மாற்றி ஊனோவையே மிடி கருவி ஆக்கலாம். அங்கே இரண்டு பக்கமும் கால் முளைத்த நீள்சதுர சிப் இருந்தால் அது சிஎச்340. மலிவுப் போர்டுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும், அதை மாற்ற முடியாது. 16யூ2 இருந்தாலும் பல முறைகளில், ஒவ்வொரு முறை புரோகிராமைத் திருத்தவும் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பிவிட்டு வர வேண்டும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எந்தக் காலேஜ் லேபைத் திறந்தாலும் ஊனோதான். பையன் என்ன செய்யப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை, எல்லா ப்ராஜெக்டுக்கும் அதே கிட்டைத்தான் நீட்டுகிறார்கள்.

அந்த வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கன்ட்ரோலர் வாங்கிக் கொடுத்தால் அவர்களுக்குக் கமிஷன் இருக்கலாம். வாங்கிய மறுநாளே 'சிங்க்' (மென்பொருளே வேகத்தைச் சேர்த்துவிடும்) பட்டனை அழுத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பீட்மேட்சிங் முடிந்தது என்பார்கள். நீங்களே செய்த பெட்டியில் அந்தப் பட்டனை வைக்கவே வைக்காதீர்கள். ஜாக் வீலும் (பாட்டைத் தள்ளவும் இழுக்கவும் சுழற்றும் சக்கரம்) இப்போது தேவையில்லை. பாட்டைக் கொஞ்சம் தள்ளிவிட ஒரு பட்டன், இழுத்துப் பிடிக்க ஒரு பட்டன், அது போதும்.

பழகும்போது பிபிஎம் எண்ணையும் அலைக்கோட்டையும் ஒரு அட்டை வைத்து மறையுங்கள். கீலாக்கை (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், வேகம் ஏறினால் சுருதியும் ஏறும், காதுக்கு அது ஒரு துப்பு. முதல் வாரம் ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் (மென்பொருளில் பாட்டு ஓடும் இரண்டு இடங்களிலும்) போட்டு, ஒன்றின் வேகத்தை யாரையாவது கலைக்கச் சொல்லிவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் ஹவுஸ் (ஒரு நடன இசை வகை) மாதிரி மெஷின் தாளம் உள்ளவற்றுக்குப் போகலாம். பழைய சினிமாப் பாட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஆட்கள் உட்கார்ந்து வாசித்தது, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையிலேயே வேகம் மாறும்.

ஹெட்போனுக்குத் தனி சவுண்ட் கார்டு வேண்டும் என்றும் யாராவது சொல்வார்கள். தனியாகப் பழகும்வரை வேண்டாம். மிக்ஸில் ஹெட்போன் பகுதியில் 'ஸ்ப்ளிட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் அடுத்த பாட்டு ஒரு காதிலும், ஓடிக்கொண்டிருப்பது மறு காதிலும் கேட்கும்.