லினக்ஸ்சிஎன்சி போன்ற திறமூல இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஜீரோஎம்க்யூ போன்ற செய்திப் பரிமாற்ற அடுக்கைச் சேர்ப்பது பயன்தருமா? எங்கிருந்து தொடங்குவது?

பயன்தரும். ஆனால் எந்த நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, எந்த வகைச் செய்தி எந்த எல்லையைக் கடக்கலாம் என்பதை முதலில் வரையறுப்பதுதான் முக்கியமான வேலை என்பது என் உறுதியான கருத்து.

கடைசல், துருவல் போன்ற இயந்திரங்களைக் கணினியால் ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி, அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் உருவான ஈஎம்சி திட்டத்தின் வழிவந்தது. கருவி எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் ஜி-கோட் கட்டளைகளைப் படித்துச் செயல்படுத்தும் டாஸ்க் பகுதியும் இயக்குபவர் பார்க்கும் திரையும் சாதாரண லினக்ஸ் புராசஸ்களாக ஓடுகின்றன. அச்சுகளின் நகர்வைக் கணக்கிடும் பகுதி மட்டும் குறித்த நேரம் தவறாமல் ஓட வேண்டிய நிகழ்நேர செர்வோ திரெட்டில் (திரெட் என்பது நிரலின் ஒரு தனி இயக்க ஓட்டம்), வழக்கமாக 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை இயங்குகிறது. திரைக்கும் டாஸ்க்குக்கும் இடையில் செய்திகளைக் கொண்டுசெல்வது, அதே நிஸ்ட் மரபிலிருந்து வந்த என்எம்எல் என்ற செய்தி அமைப்பு. அது டிசிபி என்ற வலைப்பின்னல் நெறிமுறை வழியாகவும் பேசக்கூடியது என்பதால், வலைப்பின்னல் வசதியே இல்லை என்று குறைசொல்வது சரியல்ல. இரு முனைகளும் ஒரே சி++ கட்டமைப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும், நிலைத் தகவல் முழுவதும் ஒரே பெரிய கட்டமைப்பாக இருந்து, அதைத் திரை திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதும்தான் அதன் உண்மையான குறைகள். லினக்ஸ்சிஎன்சியிலிருந்து கிளைத்த மெஷின்கிட் திட்டம் ஜீரோஎம்க்யூவையும் செய்திகளின் வடிவத்தை வரையறுக்கும் புரோட்டோபஃபையும் இணைத்து மெஷின்டாக் என்ற அடுக்கை உருவாக்கியதற்கும் இதே தேவைதான் பின்னணி. புரோட்டோபஃபில் ஒவ்வொரு புலத்துக்கும் தனி எண் இருப்பதால், புதிய புலம் ஒன்றைச் சேர்த்தாலும் பழைய திரை உடைந்துவிடாது.

முதல் எல்லை நிகழ்நேரத் திரெட். அதற்குள்ளிருந்து சாக்கெட் என்ற வலைப்பின்னல் இணைப்பு முனையைத் தொடவே கூடாது. நினைவக ஒதுக்கீடு, பூட்டுக்காகக் காத்திருத்தல், கெர்னல் அழைப்பு ஆகியவற்றில் எது ஒன்றும் அந்த 1 மில்லிவினாடிக் கெடுவைத் தவறவைக்கக்கூடும். செர்வோ திரெட் பூட்டில்லாத ரிங் பஃபரில் (சுழற்சியாக நிரப்பப்படும் இடைநினைவகத்தில்) எழுதிவிட்டு உடனே திரும்ப வேண்டும். அதை எடுத்து அனுப்புவதை வேறொரு சாதாரண புராசஸ் பார்த்துக்கொள்ளட்டும். பஃபர் நிரம்பினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்: நிலைத் தகவல் என்றால் கைவிடலாம், காத்திருக்கக் கூடாது.

அடுத்து, செய்திகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அச்சு இருக்கும் இடம், சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் வேகம் போன்ற நிலைத் தகவல்களில் கடைசி மதிப்பு ஒன்றே போதும். ஒருவர் வெளியிட, வேண்டியவர்கள் பெற்றுக்கொள்ளும் வெளியீடு–சந்தா முறை இதற்குப் பொருந்தும். ஆனால் புதிதாக இணையும் திரைக்கு முதலில் முழு நிலையையும் அனுப்பிவிட்டு, அதன்பின் மாற்றங்களை மட்டும் அனுப்ப வேண்டும். பிழைச் செய்திகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது, அவை எல்லாத் திரைகளையும் சென்றடைய வேண்டும். கட்டளைகளுக்கு அனுப்புநரின் அடையாளமும், வரிசை எண்ணும், ஏற்கப்பட்டதா முடிந்ததா என்று தனித்தனியே தெரிவிக்கும் பதிலும் தேவை. இந்த மூன்றையும் ஒரே குழாயில் அனுப்பும் வடிவமைப்பு சோதனை மேசையில் ஓடிவிடும், பட்டறையில் சிக்கலாகும்.

கட்டளைகளில் நான் மிகவும் அஞ்சுவது தொடர் ஜாகிங், அதாவது பொத்தானை அழுத்திப் பிடித்து அச்சை நகர்த்துவது. பொத்தானை அழுத்தும்போது ‘நகர்’ என்றும் விடும்போது ‘நில்’ என்றும் இரு செய்திகள் செல்வதாக வைத்துக்கொள்வோம். இடையில் வைஃபை துண்டிக்கப்பட்டால் இரண்டாவது செய்தி வராது, அச்சு வரம்புவரை ஓடிக்கொண்டே இருக்கும். டிசிபி இதிலிருந்து காப்பாற்றாது, ஏனெனில் எதிர்முனை மறைந்துவிட்டது என்பதை அது தானாக உணர நீண்ட நேரம் ஆகலாம். ஆகவே ‘நகர்’ என்ற கட்டளைக்குக் குறுகிய ஆயுள் இருக்க வேண்டும்: பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் வரை அதைப் புதுப்பிக்கும் செய்திகள் வந்துகொண்டே இருக்க வேண்டும், அவை நின்றவுடன் இயந்திரத்தின் பக்கத்திலேயே இயக்கம் நிறுத்தப்பட வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை இந்த அடுக்கிடம் ஒப்படைக்கும் எண்ணமே வேண்டாம். அது கம்பிவழிச் சுற்றாகவே இருக்கட்டும்.

இரண்டு திரைகள் ஒரே நேரத்தில் கட்டளையிடும் நிலையையும் யோசிக்க வேண்டும். பார்க்கும் உரிமை பலருக்கு இருக்கலாம், ஓட்டும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கே. சாக்கெட்டுகள் இயல்பாக உள்ளூர் முகவரியில் மட்டும் திறக்கட்டும். வெளியே திறப்பவர் ஜீரோஎம்க்யூவின் கர்வ் குறியாக்கத்தை இயக்கிக்கொள்ளட்டும். உரிமம் பற்றியும் ஒரு சொல்: ஜீரோஎம்க்யூவின் மூல நூலகமான லிப்இசட்எம்க்யூ 2023இல் 4.3.5 பதிப்பிலிருந்து எம்பிஎல் 2.0 உரிமத்துக்கு மாறியதால், லினக்ஸ்சிஎன்சியின் ஜிபிஎல் 2 உரிமம் கொண்ட நிரலுடன் சேர்ப்பதில் முன்பிருந்த தயக்கம் குறைந்திருக்கிறது.

தொடக்கமாக, மூல நிரலில் கை வைக்காமல், லினக்ஸ்சிஎன்சியின் பைத்தான் தொகுதி வழியாக நிலையைப் படித்து வெளியிட மட்டும் செய்யும் சிறு புராசஸ் ஒன்றை எழுதுங்கள். அதில் பிழைச் சேனலைப் படிக்காதீர்கள். அது ஒருமுறை எடுத்த செய்தி நீங்கிவிடும் வரிசை என்பதால், உங்கள் நிரல் எடுத்த செய்தி இயக்குபவரின் திரைக்குப் போய்ச் சேராது. பிழைகளையும் பகிர வேண்டிய கட்டம் வரும்போது, அந்தச் சேனலைப் படிப்பது உங்கள் புராசஸ் ஒன்றாகவே இருந்து, திரை உட்பட மற்ற அனைவரும் அதனிடமிருந்தே பெறும்படி மாற்றுங்கள்.