90 விநாடிக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும் சர்வீஸ்

லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் உங்கள் சர்வீஸ் 90 விநாடிக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்த சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் ஃபைலில் டைப் என்ற வரியில் ‘ஃபோர்க்கிங்’ என்று இருப்பதை ‘சிம்பிள்’ என்று மாற்றுங்கள். புரோகிராமில் கைவைக்க வேண்டாம்.

கையால் ஓட்டினால் நாள் முழுக்க ஓடுகிறது, சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் சரியாக ஒன்றரை நிமிடத்தில் விழுந்து எழுகிறது என்கிறீர்களே, துப்பே அதுதான். ஃபோர்க்கிங் என்று போட்டால், முதலில் கிளம்பிய புராசஸ் (ஓடும் புரோகிராம்) இன்னொன்றைக் கிளப்பிவிட்டுத் தான் விலகிக்கொள்ளும் என்று சிஸ்டம்டி காத்திருக்கும். உங்களுடையது விலகுவதே இல்லை. வழக்கமான காத்திருப்பு 90 விநாடி. அது தீர்ந்ததும் ‘இன்னும் கிளம்பவே இல்லை’ என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். ரீஸ்டார்ட் வரியில் ‘ஆல்வேஸ்’ இருப்பதால் மறுபடி முதலிலிருந்து. டைம்அவுட்டைக் கூட்டினால் இதேதான் தாமதமாக நடக்கும்.

மாற்றும் முன் ஒன்று செய்யுங்கள்: சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டேட்டஸ் பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்று வராமல் ‘ஆக்டிவேட்டிங்’ (இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறது) என்றே நின்றால் சந்தேகமே வேண்டாம். அப்புறம், ஃபைலைத் திருத்தியதும் டீமன்-ரீலோட் (யூனிட் ஃபைல்களை மறுபடி படிக்கும்படி சிஸ்டம்டிக்குச் சொல்லும் கட்டளை) கொடுக்க மறக்காதீர்கள். அதை மறந்து ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தவன் நான்.

ஒருவேளை ‘ஆக்டிவ்’ என்று காட்டியும் விழுகிறதா, இடைவெளியும் ஒரே மாதிரி இல்லையா? அப்படியானால் நான் சொன்னது பொருந்தாது. ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) சிக்னல் 9 என்று இருந்தால், யாரோ புராசஸை வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள்; மெமரி தீர்ந்தால் லினக்ஸின் மையமான கர்னலே அப்படிச் செய்யும். கர்னல் லாகில் மெமரி தீர்ந்துபோனதாக அதே நேரத்துக்கு ஏதாவது வரி இருக்கிறதா என்று பார்த்து, அதை அப்படியே இங்கே போடுங்கள்.